பஸ் எங்கே திரும்பும்?

பணம் இருக்கிறவன் பணத்தைக் கொடுக்கட்டும். இல்லாதவன் உடம்பைக் கொடுக்கட்டும். இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் இருக்கவே முடியாது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. ஆரப்பாளையத்தில் நான் குடியிருந்த மாடி அறையில், சவரக் கண்ணாடி முன்னால் நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிப் பார்த்து நம்பினேன். கண்ணாடி சின்னது. என் வாய் மட்டும்தான் அதில் தெரியும். ஊர்நலப் பணிக்கு அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே! "அனுபவத்தை எழுதிக் கொடுங்கண்ணே" என்று வீடு தேடி வந்து கேட்டீர்கள். ஐம்பது வயதுக்கு முன்னாலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவனிடம் அனுபவம் கேட்பது, இடைவேளையில் எழுந்து வந்தவனிடம் படத்தின் கதை கேட்பது மாதிரி. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், காப்பியும் குடித்துவிட்டீர்கள். மதிப்பீடு போடுவது, கோப்பு நகர்த்துவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். பயப்படுவதில் மட்டும் நான் கைதேர்ந்தவன். ஆகவே அதைச் சொல்கிறேன்.

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். வியர்வை, நடுக்கம் என்றால் மறைத்துவிடலாம். விக்கலை எங்கே மறைப்பது? பெண் பார்க்கப் போன இடத்திலும் வந்தது. வேறு யாரோ என்னை நினைக்கிறார்கள் என்று பெண் வீட்டார் சந்தேகப்பட்டார்கள். அது வேறு கதை.

எண்பதுகளின் தொடக்கம். ஊராட்சி ஒன்றியத்தில் சேர்ந்த புதிது. மதுரைக்கு மேற்கே, கால்வாய்ப் பாசன வயல்களுக்கு நடுவே ஓர் ஊர் என் பொறுப்பில் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பின்னாளில் அந்த ஊரில் சம்பந்தம் செய்துகொண்டேன். வாயைத் திறந்தால் பொங்கல் சீர் வந்து சேராது.

மெயின் ரோட்டிலிருந்து ஒரு வண்டிப்பாதை வயல்களுக்கு நடுவே ஊருக்குள் போகும். முதலில் வருவது சாவடித் தெரு. நிலம் வைத்திருந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. சாவடிக்கு முன்னால் ஊர்ப் பொது இடமான மந்தை. அதைத் தாண்டி ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. அந்த வயல்களில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள். காலனியிலிருந்து யார் எங்கே போக வேண்டுமானாலும் சாவடித் தெரு வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். வந்த முதல் வாரமே இதைப் பார்த்துவிட்டு ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். "செருப்பு புதுசு சார், தேஞ்சிரும்" என்றார். அந்தச் செருப்பைப் பார்த்தேன். அதில் இனித் தேய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. நானும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அந்த வண்டிப்பாதையை ரோடாக்குவதுதான் திட்டம். ஊர்மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். மக்கள் பங்கு பணமாகவும் இருக்கலாம், உழைப்பாகவும் இருக்கலாம். நிதியாண்டு முடிவதற்குள் வேலையைத் தொடங்காவிட்டால் ஒதுக்கீடு வேறு ஊருக்குப் போய்விடும். ரோடு வந்துவிட்டால் மதுரைக்கு டவுன் பஸ் விடுகிறோம் என்று பஸ்காரர்களும் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

மந்தையில் கூட்டம் போட்டோம். கண்ணாடி முன்னால் பழகியதை எல்லாம் அங்கே கொட்டினேன். சாவடித் தெருவில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பணம் கொடுப்பது. காலனிக்காரர்கள் பாவம், அவர்களுக்கு வரியே வேண்டாம், மண் வேலை மட்டும் செய்தால் போதும். தலைக்கட்டு என்றால் கல்யாணம் முடித்துத் தனிக் குடித்தனமாக இருக்கும் வீடு. அந்த ஊரில் திருவிழாவோ கம்மாய் வேலையோ எது வந்தாலும் வரி தலைக்கட்டுக் கணக்கில்தான். நல்ல கைதட்டல் கிடைத்தது. தட்டிய கைகள் எல்லாம் மந்தையின் ஒரே பக்கத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஊராட்சித் தலைவர் ஒச்சப்பன் எழுந்து, "தம்பி சின்ன வயசா இருந்தாலும் என்னா தெளிவா பேசுது!" என்றார். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். நம் தொழிலில் கெட்ட மனிதர்களைச் சமாளித்துவிடலாம். இந்த மாதிரி நல்ல மனிதர்கள்தான் சிக்கல். அவர்களோடு சண்டை போடவே மனசு வராது.

கூட்டம் கலையும் நேரத்தில் ஓரமாக நின்ற ஒரு பெண்மணி கேட்டார்: "சார், பஸ்சு எங்கன திரும்பும்?"

அவர் பேச்சியம்மா. காலனியில் நடவுக் கொத்து வைத்திருப்பவர். அதாவது, நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போய், கூலி பேசி, வாங்கிப் பிரித்துக் கொடுப்பவர். ஒரு வார்த்தையில் இருபது பேரை வயலில் இறக்குவார். ஒரு வார்த்தையில் கரையேற்றியும் விடுவார்.

"அதை டிரைவர் பாத்துக்குவாரும்மா" என்றேன். ஒரே சிரிப்பு. என் நகைச்சுவை எடுபட்டுவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது.

சைக்கிளை எடுக்கும்போது எங்கள் ஓவர்சியர் பக்கத்தில் வந்தார். நான் இந்தத் தொழிலைப் பழகியது அவரிடம்தான். பல வருஷ சர்வீஸில் ஒரு சிக்கலிலும் மாட்டாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி, எதையும் முழு வாக்கியமாகச் சொல்லாமலிருப்பது. வாயில் எப்போதும் வெற்றிலை.

"அந்தம்மா கேட்டுச்சுல்ல..." என்றார்.

"என்ன சார்?"

"ம்."

அவ்வளவுதான். துப்பிவிட்டுப் போய்விட்டார்.

வேலையைத் தொடங்கிவைக்க கலெக்டரே வருகிறார் என்று நாள் குறித்தார்கள். முந்தின நாள் காலையில், எத்தனை பேர் மண் வெட்ட வருவார்கள் என்று கேட்டுவர காலனிக்குப் போனேன். வயசானவர்களும் ஆடுகளும்தான் இருந்தார்கள். கொத்து வயலில் இருக்கிறது என்றார்கள். பூட்ஸ் காலோடு வரப்பில் நடந்து போனேன். வரப்பின் மேல் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு எத்தனை பேர் வாரீங்கம்மா?" என்றேன்.

பேச்சியம்மா நிமிர்ந்தார். "எங்க சார்?"

"ரோட்டு வேலைக்கு. கலெக்டர் வாராருல்ல?"

"கூலி எம்புட்டு?"

"கூலியா? இது உங்க பங்கும்மா. சிரமதானம்."

"தானமா?" அவர் கொத்தின் பக்கம் திரும்பினார். "ஏ புள்ளைகளா, ஆபீசரு நம்மகிட்ட தானம் கேட்டு வந்திருக்காருடி. வெயில்ல நிக்கிறாரு பாவம், குடை பிடிங்கடி."

வயல் முழுக்கச் சிரித்தது. எனக்குள் விக்கல் லேசாகத் தலையைத் தூக்கியது.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. நாற்று முடியை வரப்பில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், ஓசியா மண்ணு சொமக்கிறது எங்களுக்குப் புதுசு இல்ல. எங்க பாட்டன் சொமந்தாரு, எங்கப்பன் சொமந்தாரு. கம்மாக்கரை ஒடைஞ்சாலும் நாங்கதேன், சாவடிக்கு ஓடு மாத்துனாலும் நாங்கதேன். ஆனா இன்னைக்கு வரைக்கும் எங்ககிட்ட ஒரு வரி வாங்குனதில்ல. ஏன்னு நெனைக்கிறீங்க?"

"இல்லாதவங்கன்னு ஒரு இரக்கம்..."

"இரக்கமா! வரி குடுத்துட்டா, எங் காசை என்னய்யா செஞ்சீங்கன்னு மந்தையில நின்னு கேட்டுப்புடுவோம்ல? அதேன்."

விக்கல் முழுதாக வந்துவிட்டது.

"அவுக தலைக்கட்டுக்கு எம்புட்டோ, எங்களுக்கும் அம்புட்டு வரி போடுங்க. குடுக்கிறோம். மண்ணு வெட்ட ஆளு வேணுமா, கூலி குடுங்க, நாளைக்கே இறங்குறோம். ஆனா ரோடு சாவடியோட நிக்கக் கூடாது. ஓடையத் தாண்டி எங்க களம் வரைக்கும் வரணும். பஸ்சு எங்க களத்துல திரும்பணும்."

"சாவடியில வந்து... ஹிக்... ஏறிக்கிட்டா என்னம்மா? நாலு எட்டுதானே?"

பேச்சியம்மா வரப்பில் கிடந்த செருப்பு வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த நாலு எட்டுதேன் சார்" என்றார்.

நான் பின்னால் ஓர் அடி வைத்தேன். பின்னால் வரப்பு இல்லை. பூட்ஸோடு முழங்கால் வரை சேற்றில் நின்றேன். இரண்டு பெண்கள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். விக்கலுக்கு ஒருவர் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். விக்கல் நிற்கவில்லை. ஆனால் நான் குடிப்பதைக் கொத்து முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

அங்கிருந்து நேராக ஒச்சப்பன் வீட்டுக்கு. அவர் தன் வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். சாவடித் தெருவிலேயே பெரிய படப்பு அது. மந்தையை ஒட்டி மலை மாதிரி நிற்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"காலனி வரியா? அப்பிடி ஒரு பழக்கம் இல்லையே தம்பி."

"அவங்களே குடுக்கிறேங்கிறாங்கண்ணே."

"குடுப்பாங்க. வாங்குனாத்தானே அடுத்து கேள்வி கேக்கலாம்?"

பேச்சியம்மா சொன்ன அதே காரணம்! இந்த ஊரில் இது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"அப்ப கூலி குடுத்துருங்கண்ணே."

"நம்ம வசூல் கூலிக்குக் காணாதே."

"காலனி வரியும் சேந்தாக் காணும்ணே."

ஒச்சப்பன் எழுந்து உட்கார்ந்தார். மீசையைத் தடவினார். "ஏந்தம்பி, அவங்ககிட்டக் காசை வாங்கி, அதை அவங்களுக்கே கூலியாக் குடுக்கிறதா? இதுக்குப் பேசாம ஓசியிலயே வெட்டிரலாம்ல?"

"அப்ப நீங்க எல்லாரும் மம்பட்டி பிடிக்கிறீங்களா?"

"சொந்த வயல்ல பொழுதன்னைக்கும் வெட்டுறவன்தேன் நானு. ரோட்டுல வெட்டினா, சம்பந்தகாரன் பாத்தா என்ன நெனைப்பான்?" என்றவர், என் விக்கலைக் கவனித்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "ஏத்தா, தம்பிக்கு மோரு கொண்டா. புள்ள பயந்து போச்சு."

மோர் நன்றாக இருந்தது. பெருங்காயம் போட்டிருந்தார் அவர் மனைவி.

ஓவர்சியரைத் தேடிப் பிடித்து, "நாளைக்கு மண் வெட்ட ஒருத்தரும் வர மாட்டாங்க சார், என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். முதல் தடவையாக முழு வாக்கியமாகப் பதில் சொன்னார். "உனக்கு நாளைக்கு வயித்துப்போக்கு." என் குருநாதர் எனக்குக் கொடுத்த ஒரே தெளிவான உபதேசம் இதுதான். நானும் அதன்படி நடக்கத் துணிந்தேன்.

எங்கள் மேலதிகாரியான ஒன்றிய ஆணையர் அன்று தல்லாகுளத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சேறு காய்ந்து என் கால்கள் இரண்டும் மண் தூண் மாதிரி ஆகிவிட்டன. வாசலில் அவரைப் பிடித்து, "உடம்பு சரியில்ல சார், நாளைக்கு... ஹிக்... லீவு வேணும்" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "விக்கலுக்கு மெடிக்கல் லீவா? போய்யா. காலையில எனக்கு முன்னாடி அங்க நிக்கிற."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தப்பித்து ஓடப் பார்த்தேன் என்பதில் எனக்கு வெட்கமில்லை. நீங்களும் ஓடப் பார்ப்பீர்கள். எல்லோருக்கும் நல்லது செய்ய வந்தேன், என்னை ஏன் இப்படி நடுவில் நிறுத்துகிறார்கள் என்று அழுகைகூட வரும். நடுவில் நிற்பதற்குத்தான் சம்பளம் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் புரியும். அன்று எனக்குப் புரியவில்லை. எப்படியாவது மழை வராதா என்று மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை.

மறுநாள் மந்தையில் பந்தல், நாற்காலிகள், மாலை. சாவடித் தெரு முழுவதும் சலவை வேட்டியில் நின்றது. காலனியிலிருந்து ஒரு ஆள் இல்லை. மம்பட்டிகளையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு ஒன்றியத்து லாரி முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே, கலெக்டரின் ஜீப்.

லாரி மந்தைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டது. முன்னால் பந்தல். ஒரு பக்கம் சாவடி. இன்னொரு பக்கம் ஒச்சப்பனின் படப்பு. பின்னால் ஜீப். லாரி நகர்ந்தால்தான் ஜீப் உள்ளே வர முடியும்.

"லாரியைத் திருப்புய்யா!" என்று ஆணையர் கத்தினார்.

டிரைவர் கொஞ்சம் முன்னால் போனார். கொஞ்சம் பின்னால் வந்தார். சாவடித் தூணை ஒரு நூல் இடைவெளியில் விட்டார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஆன மட்டும் பின்னால் தள்ளினார்.

படப்பின் ஒரு மூலை அப்படியே சரிந்து லாரியின் மேல் உட்கார்ந்தது.

"எலேய்! எம் படப்புடா!" என்று ஒச்சப்பன் அலறினார்.

லாரி வைக்கோலைத் தலையில் போட்டுக்கொண்டு, முக்காடு போட்ட பாட்டி மாதிரி நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாக வைக்கோலை விலக்கித் தலையை நீட்டினார். "இங்கன லாரி திரும்பாதுண்ணே. நேரா போனா எங்கயாச்சும் திரும்புமா?"

எல்லோரும் ஓவர்சியரைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"களம்" என்றார்.

டிரைவருக்கு அந்த ஒரு சொல் போதும். பந்தலுக்குப் பக்கவாட்டில் புகுந்து, கணுக்கால் தண்ணீர் ஓடிய ஓடையில் இறங்கி, அக்கரை ஏறிப் போய்விட்டார். ஜீப் டிரைவருக்கு இந்தக் குழப்பம் எதுவும் தெரியாது. லாரி வழிகாட்டுகிறது என்று நினைத்து அவரும் பின்னாலேயே போய்விட்டார். கலெக்டர் ஜீப்பிலிருந்தபடியே எங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே கடந்து போனார்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு ஆணையர் ஓடினார். அவர் பின்னால் நான். என் பின்னால் மாலையோடு ஒச்சப்பன். அவர் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவடித் தெரு முழுவதும். அந்த ஓடையை அத்தனை பேர் சேர்ந்து அந்தத் திசையில் கடந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

காலனிக் களம் நன்றாக விரிந்த இடம். லாரி ஒரே வளைவில் திரும்பி நின்றது. வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார் டிரைவர். களத்தில் காலனி முழுவதும் கூடி நின்றது. யாரும் வேலைக்குப் போகவில்லை. முன்னால் பேச்சியம்மா, கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு. நடுவில் மஞ்சள் துணியில் முடிந்த பணம்.

"மந்தைக்குத்தேன் கொண்டு வரக் கிளம்பினோம்" என்றார் பேச்சியம்மா என்னிடம். "நீங்களே இங்க வந்துட்டீங்க."

கலெக்டர் தட்டைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "இது என்ன?"

தம்பிகளே, தங்கச்சிகளே! அந்த நேரத்தில் என் கையில் ஒரு அழகான பொய் தயாராக இருந்தது. 'தங்களை வரவேற்கும் தாம்பாளம் சார்' என்று சொல்லியிருந்தால், கலெக்டர் ஒரு வெற்றிலையைத் தொட்டுவிட்டுச் சிரித்திருப்பார். தட்டு உள்ளே போயிருக்கும். ஒச்சப்பன் முகமும் வாடியிருக்காது. என் வேலையும் தப்பியிருக்கும். பேச்சியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒச்சப்பனும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலனி... ஹிக்... வரி சார். சாவடித் தெருவுக்கு எவ்வளவோ... ஹிக்... அவ்வளவே."

இதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். விக்கலுக்கு நடுவே நீளமாகப் பொய் சொல்ல முடியாது. உண்மை கொஞ்சம் குட்டையாக இருந்தது.

கலெக்டர் ஒச்சப்பன் பக்கம் திரும்பினார். "அப்படியா தலைவரே? ஊர்ல எல்லாருக்கும் ஒரே வரியா?"

 ஒச்சப்பன் பின்னால் சாவடித் தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் ஓடைக்கு அந்தப் பக்கம் மூலை சரிந்து கிடந்த தன் படப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். களத்தில் நிம்மதியாகத் திரும்பி நின்ற லாரியைப் பார்த்தார். லாரிக்கே இந்தக் கதி என்றால் தினம் இரண்டு வேளை பஸ் வந்து திரும்பினால் என்ன ஆகும் என்று அவர் மனசுக்குள் ஓடியது எனக்கே கேட்டது.

"ஆமாங்கய்யா" என்றார். "ஊருன்னா ஒரே வரிதேன்."

மாலையை என் கழுத்தில் மாட்டிவிட்டு (வைக்க வேறு இடமில்லை) இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

சாவடித் தெருப் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒச்சப்பன் திரும்பி, "என்னாங்கடா? உங்க வீட்டுப் படப்ப எடுத்துட்டு அங்க பஸ்ஸைத் திருப்புவோமா? யாரு இடம் தாரது? கையத் தூக்குங்க" என்றார். ஒரு கையும் எழவில்லை.

பேச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அப்ப கூலி எம்புட்டு தலைவரே?"

அதுவரை அவர் ஒச்சப்பனைச் சாமி என்றுதான் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.

"ஏ ஆத்தா, நீ குடுத்த காசை இன்னும் மடியிலகூட வைக்கல. அதுக்குள்ள கூலியா?" என்றார் ஒச்சப்பன். முதலில் கலெக்டர் சிரித்தார். அதனால் ஆணையர் சிரித்தார். அதனால் நானும் சிரிக்கலாம் என்று தெரிந்தது. மாலை என் கழுத்திலேயே இருந்ததால் என்னைத்தான் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துக் காலனிக் கிழவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தார்.

கலெக்டர் களத்திலேயே முதல் மண்ணை வெட்டினார். ரோடு அங்கிருந்து தொடங்கி மெயின் ரோட்டை நோக்கிப் போனது. பேச்சியம்மாவின் கொத்து, அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் கூலிக்கு வேலை செய்தார்கள். கூலி பேசும்போது பேச்சியம்மா என்னை அழ வைத்தார். அதைப் பற்றித் தனியாக எழுத எனக்குத் தெம்பு இல்லை.

ஒச்சப்பன் அதற்கப்புறமும் பல நாள் என்னிடம் அதே கணக்கைக் கேட்டார். "அவங்க காசு சுத்தி அவங்ககிட்டயே போகுது. இதுல என்ன தம்பி மாறிருச்சு?" என்னால் அவருக்கு விளக்க முடியவில்லை. ஆனால் ஜல்லி சரியில்லை என்று ஒருநாள் பேச்சியம்மா மந்தைக்கே வந்து, நடுவில் நின்று, "எங் காசுல இந்த ஜல்லியா?" என்று சத்தம் போட்டார். ஒச்சப்பன் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். புரிந்துவிட்டது என்று அர்த்தம். ஜல்லி மாற்றப்பட்டது. இரண்டு தெருவும் சேர்ந்து காண்டிராக்டரைத் திட்டிய நாள் அது. அவ்வளவு ஒற்றுமையை நான் அந்த ஊரில் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை.

யாரிடமாவது இலவசமாக உழைக்கச் சொல்வதற்கு முன்னால், அவர்கள் ஏற்கனவே எத்தனை தலைமுறை அப்படி உழைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஏழைகள்தானே என்று வசூலில் யாரையாவது விட்டுவிட நினைத்தால், அவர்களையே முதலில் கேட்டுவிட்டு விடுங்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்று யாராவது ஒரு கேள்வி கேட்டால், அதற்கு ஜோக் அடிக்காதீர்கள். ஜோக் அடிப்பதற்கு நான் இருக்கிறேன்.

ரோடு முடிந்தது. பஸ்ஸும் வந்தது.

பயம் விட்டுவிட்டது என்று நினைக்கிறீர்களா? முதல் பஸ் அன்று காலை நான் எழுந்தவுடனேயே விக்கல் வந்துவிட்டது. பஸ் காலனிக் களத்தில் திரும்பினால், காலனிக்காரர்கள்தானே முதலில் ஏறுவார்கள்? எல்லா இடத்திலும் அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் சாவடிக்கு வரும்போது சாவடித் தெரு நிற்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்திருக்க, இவர்கள் நின்றுகொண்டு வருவதா? நிச்சயம் கலவரம்தான். பஸ்ஸை மறிப்பார்கள். கண்ணாடி உடையும். ஆணையர் என்னைத் தேடுவார். கலவரம் என்று வந்தால் பஸ்ஸுக்குள் இருப்பதா, வெளியே இருப்பதா, எது பத்திரம் என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, களத்திலேயே ஏறிக் கடைசி சீட்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டேன்.

பேச்சியம்மா ஏறி, பெண்கள் பக்கம் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொத்து முழுவதும் அவருக்குப் பின்னால். பஸ் ஓடையின் மேல் போட்ட சின்னப் பாலத்தைத் தாண்டிச் சாவடி முன்னால் நின்றது.

சாவடித் தெரு ஏறியது. உட்கார இடமில்லை என்பதைப் பார்த்தது. ஒச்சப்பன் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி, எனக்கு மோர் கொடுத்த அம்மாள், பேச்சியம்மாவின் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் கனமான பை.

"அதைக் குடுங்க" என்றார் பேச்சியம்மா. பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் சாவடித் தெருவைக் கடந்தது. நான் குனிந்து பார்த்தேன். பேச்சியம்மாவின் செருப்பு காலில் இருந்தது.

கலவரம் எதுவும் நடக்கவில்லை. மறுநாள் காலை, சாவடித் தெருக்காரர்கள் பாதிப் பேர் இடம் பிடிப்பதற்காக, பஸ் வருவதற்கு முன்பே காலனிக் களத்துக்கு நடந்து போய் நின்றார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்ட முதல் ஆள் ஒச்சப்பன்.